மலை ரயில்: மே முதல் செப்டம்பர் வரை

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, பல்கூட விளக்காமல், பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். நேற்றுதான் வந்தது. பூட்டிய பீரோவுக்குள் இருந்து எங்கேயும் போயிருக்காது என்று தெரியும். ஆனாலும் பார்த்தேன். படத்தில் எதையோ திருடிவிட்டு மாட்டிக்கொண்டவள் மாதிரி இருக்கிறேன். இவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, "இந்த மூஞ்சிய வச்சு உள்ள விடுவாங்களா?" என்றார். நாற்பத்துநான்கு வயதில் முதல் பாஸ்போர்ட். கேலி செய்கிறவர்கள் செய்துகொள்ளட்டும்.

இங்கே எல்லோரும் சுகம். இவருடைய மருந்துக் கடையும் முதுகுவலியும் வழக்கம்போல் நடக்கின்றன. மகன் ஹாஸ்டலிலிருந்து அழுக்குத் துணியோடு மாதம் ஒரு தடவை வருகிறான். நீ, அத்தான், கல்யாணப் பெண் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? உன் கை வீக்கம் வடிந்ததா? போனில் கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்லடி" என்பாய். உன் பக்கம் மெஷின் சத்தம், என் பக்கம் இவர் காது. அதனால்தான் நாம் இரண்டு பேரும் இன்னும் தபால் தலை ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

பதினெட்டு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். செப்டம்பர் ஐந்தாம் தேதி அங்கே வந்து இறங்குவேன். பன்னிரண்டாம் தேதி கல்யாணம். பதிமூன்றாம் தேதி எல்லோரும் தூங்கலாம். பதினான்கு முதல் பத்தொன்பது வரை ஆறு நாள் ஊர் சுற்றப் போகிறேன். இவர் கல்யாணத்துக்குக்கூட வருவதாக இல்லை. "கடைய யாரு பாப்பாங்க? நீ போய்ட்டு வா" என்கிறார். தனியாகத்தான் சுற்ற வேண்டும். பரவாயில்லை.

முதலில் மலை ஏரி. நீ அனுப்பிய பட அட்டை ஆபீஸில் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் பத்தொன்பது வருஷமாக இருக்கிறது. அந்தச் சிவப்பு ரயில் வெயிலில் வெளுத்து இப்போது ஆரஞ்சு நிறம் ஆகிவிட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள். உன் அட்டையை மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். "நேற்று இங்கே போனோம். மேலே ஏற ஏறக் காது அடைத்துக்கொண்டது. நீயும் ஒரு நாள் வா." பின்புறம் டிசம்பர் 27 என்று தேதி. எனக்கு மனப்பாடம்.

அந்த ரயிலில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் ஏரி தெரியும்? எழுது.

அன்புடன்,
உன் தங்கை


மார்ச் 22

என் கடிகாரத்துக்கு,

உன் கடிதத்தைக் கவுண்டரில் நின்றபடியே படித்தேன். துணி வாங்க வந்த அம்மாள், "நல்ல சேதியா?" என்றாள். என் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது போலிருக்கிறது. நீ வருவதை இன்னும் நம்ப முடியவில்லை. எங்கள் எல்லோருக்கும் சுகம்தான். கை வீக்கம் வந்து வந்து போகிறது. இருபத்தொரு வருஷம் ஈரத் துணி தூக்கினால் கை என்ன செய்யும்?

கல்யாண வேலை தலைக்கு மேல் இருக்கிறது. மண்டபம் பிடித்தாயிற்று. சமையலுக்கு ஆள் சொல்லியாயிற்று. உன் அத்தான் காலையில் ஒரு பட்டியல் எழுதுகிறார், சாயங்காலம் அதைத் தொலைக்கிறார். லாண்டரியை ஒரு நாள் மூடினாலும் ஹோட்டல்காரர்கள் படுக்கை விரிப்பை வேறு கடைக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். கல்யாணத்துக்கு முந்தின நாளும் கல்யாணத்தன்றும் மட்டும் மூடலாம் என்று ஒத்துக்கொள்ள வைக்கவே ஒரு மாதம் ஆனது.

வரும்போது நல்ல ஊக்கு ஒரு பெட்டி கொண்டு வா. இங்கே விற்பது வளைகிறது. உன் பெண்ணுக்கு, அதாவது என் பெண்ணுக்கு, தைத்த உடையெல்லாம் இடுப்பில் தொளதொள என்று இருக்கிறது. அதற்குத்தான் ஊக்கு.

ஊர் சுற்றுவதெல்லாம் வந்ததும் பார்த்துக்கொள்ளலாம். இடம் எங்கே ஓடிவிடப் போகிறது?

அவருக்கும் பையனுக்கும் விசாரிப்பு.

அக்கா


ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

எங்கள் எல்லோர் உடம்பும் நன்றாக இருக்கிறது. உன் கைக்கு இவர் ஒரு களிம்பு எழுதித் தந்திருக்கிறார். ஊக்கோடு அதையும் கொண்டு வருகிறேன்.

இடம் ஓடாது, சரி. பஸ் ஓடுமே! வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று என்னிடமா சொல்கிறாய்? நூற்றுப் பதினேழு பஸ்ஸுக்கு நேரம் போடுகிறவள் நான். ஒரு தாளில் ஆறு நாளையும் கட்டம் போட்டுவிட்டேன். முதல் இரண்டு நாள் மலை ஏரி, அங்கேயே ஒரு ராத்திரி தங்கல். பிறகு படகில் அக்கரை. பிறகு கீழே உள்ள பழைய ஊர், கண்ணாடிப் பட்டறை, மியூசியம். ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூச்சு நேரம் விட்டிருக்கிறேன்.

மூச்சு நேரம் என்பது எங்கள் செக்‌ஷனில் நான் வைத்த பெயர். பஸ் கடைசி நிறுத்தத்துக்குப் போனதும் உடனே திரும்பக் கூடாது. ஏழெட்டு நிமிஷம் சும்மா நிற்க வேண்டும். டிரைவர் இறங்கிக் காலை நீட்ட வேண்டும். பார்க்கிறவர்களுக்கு அது வீணாகத் தெரியும். அதை எடுத்துவிட்டால் மத்தியானத்துக்குள் மொத்த ரூட்டும் குழம்பிவிடும்.

லீவு விஷயமாக எங்கள் பெரிய சார் கூப்பிட்டார்.

"என்னம்மா, ஒரே மூச்சுல பதினெட்டு நாளா?"

"பத்தொன்பது வருஷத்துக்கு அப்புறம் சார்."

"கல்யாணம் ஒரு நாள்தானே?"

"கல்யாணம் ஒரு நாள்தான் சார். நான் பாக்கப் போறது ஏரியும்தான்."

அவர் எழுந்து வந்து என் மேஜைக் கண்ணாடிக்குள் குனிந்து பார்த்தார். "இதுதானா அது? நான் ஏதோ சோப்பு விளம்பரம்னுல்ல நெனச்சேன்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மலையில் நடக்க எந்த மாதிரி செருப்பு வேண்டும்? ஷூவா, சாதாரணச் செருப்பே போதுமா? ரயிலில் எந்தப் பக்கம் என்றும் நீ இன்னும் சொல்லவில்லை.

அன்புடன்,
தங்கை


மே 2

கடிகாரத்துக்கு,

எல்லோரும் சுகம். பதில் தாமதம், கோபித்துக்கொள்ளாதே. பெரிய மெஷின் ஒன்று படுத்துவிட்டது. பத்து நாள் கையால் அலசினோம்.

மாப்பிள்ளை வீட்டார் பதினைந்தாம் தேதி ராத்திரிதான் ஊருக்குத் திரும்புகிறார்களாம். பதினாலும் பதினைந்தும் நம் வீட்டில் சாப்பாடு. பன்னிரண்டு பேர். நான் ஒருத்தி என்ன செய்வேன், சொல்லு? நீ கூட இருந்தால் எனக்குப் பத்து ஆள் பலம். அந்த இரண்டு நாளை மட்டும் உன் கட்டத்திலிருந்து எனக்குக் கொடு. மியூசியத்தை வெட்டிவிடு. மியூசியத்தில் என்ன இருக்கும், பழைய பானைதானே?

ரயிலில் இடப்பக்கம் உட்கார். இடப்பக்கம்தான் நன்றாகத் தெரியும்.

பெண் உன்னை விசாரித்தாள். "சித்தி வந்தாதான் எனக்கு யார் சைடும் சேராத ஒரு ஆள் கெடைக்கும்" என்கிறாள்.

அக்கா


மே 16

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சௌக்கியம். மெஷின் எழுந்துவிட்டதா? கையால் அலசினேன் என்று எழுதியதைப் படித்ததும் உன் விரல்களை நினைத்துக்கொண்டேன்.

பதினாலும் பதினைந்தும் உனக்குத்தான். மியூசியத்தையும் கண்ணாடிப் பட்டறையையும் அடித்துவிட்டேன். மலை ஏரியில் கை வைக்கவில்லை. இன்னும் நான்கு நாள் இருக்கிறது.

உனக்குச் சிரமம் வேண்டாம் என்று அந்த ஊர் ரயில் ஆபீஸுக்கே ஒரு கடிதம் போட்டிருந்தேன். தொழில் புத்தி. கெட்டிக் காகிதத்தில் அழகான கால அட்டவணைப் புத்தகம் ஒன்று அனுப்பியிருக்கிறார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் செக்‌ஷனே சுற்றி உட்கார்ந்து படித்தது. உன் கடைத்தெருவிலிருந்து மலை அடிவாரத்துக்கு நேர் பஸ் இருக்கிறது. காலை ஏழு ஐம்பது. அடிவாரத்தில் பத்து முப்பதுக்குச் சிவப்பு ரயில்.

ஒன்று மட்டும் புரியவில்லை. புத்தகத்தில் உள்ள படத்தில், மேலே ஏறும்போது ஏரி முழுக்க வலப்பக்கம்தான் இருக்கிறது. இடப்பக்கம் வெறும் பாறை. அப்புறம், அந்த ரயில் மே பதினைந்து முதல் செப்டம்பர் முப்பது வரைதான் ஓடுமாம். தொடங்கிய காலத்திலிருந்தே குளிர்காலத்தில் ஓடியதில்லை என்று கடைசிப் பக்கத்தில் பெருமையாக எழுதியிருக்கிறார்கள். நீங்கள் டிசம்பரில் போனீர்களே, எப்படிப் போனீர்கள்?

செருப்பு பற்றி எழுத மறந்துவிடாதே.

அன்புடன்,
தங்கை


ஜூலை 3

கடிகாரத்துக்கு,

சுகம். நீங்களும் சுகம்தானே. ஒன்பது வாரமாக எழுதவில்லை. நாளைக்கு நாளைக்கு என்று போய்விட்டது.

அழைப்பிதழ் அச்சாகி வந்துவிட்டது. இதோடு ஒன்று வைத்திருக்கிறேன். பெண்ணின் உடைகளைத் திரும்பப் பிரித்துத் தைத்தாயிற்று. ஆனாலும் ஊக்கு கொண்டு வா.

எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. கேட்டுவிடுகிறேன். எங்களிடம் இஸ்திரி போடும் பெண் வேலையை விட்டுப் போய்விட்டாள். புது ஆள் அக்டோபரில்தான் வருகிறாள். கல்யாணம் முடிந்ததும் பெண்ணும் மாப்பிள்ளையும் கிளம்பிவிடுவார்கள். பதினாறாம் தேதியிலிருந்து நான் உள்ளே இஸ்திரியில் நிற்க வேண்டும். கவுண்டரில் ஆள் இல்லை. நீ பதினாறு முதல் பத்தொன்பது வரை கவுண்டரில் உட்கார்ந்தால் போதும். சீட்டைப் பார்த்துத் துணியை எடுத்துக் கொடுக்கிற வேலைதான். உனக்கு அது ஒன்றுமே இல்லை. உன் அத்தான் நீ கோபித்துக்கொள்வாய் என்றார். என் தங்கை அப்படிப்பட்டவள் இல்லை என்று நான் சொல்லிவிட்டேன்.

ஏரியை அடுத்த தடவை பார்க்கலாம்.

அக்கா


ஜூலை 18

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். அழைப்பிதழ் வந்தது. நன்றாக இருக்கிறது.

சரி, கவுண்டரில் உட்காருகிறேன்.

உன் கடிதத்தை இவர் படித்துவிட்டு, "உங்க அக்கா உன்னைக் கூப்பிடுறது கல்யாணத்துக்கா, கடைக்கா?" என்றார். "எங்க அக்கா, எங்க விஷயம். நீங்க உங்க இருமல் மருந்தப் பாருங்க" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அன்று முழுக்க ஆபீஸில் ஒரு ரூட்டுக்குக்கூட ஒழுங்காக நேரம் போட வரவில்லை. ஒரு பஸ்ஸை ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் நிறுத்திவிட்டேன். பெரிய சார் சிவப்பு மையால் வட்டம் போட்டு அனுப்பினார்.

அடுத்த தடவை என்று எழுதியிருக்கிறாய். முதல் தடவைக்கே எனக்கு நாற்பத்துநான்கு வயதாகிவிட்டது, அக்கா.

உன் கையெழுத்துக்கு மேலே இரண்டு வரியை எழுதி மையால் அடித்திருக்கிறாய். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தெரியவில்லை. நன்றாகவே அடித்திருக்கிறாய்.

நான் கேட்டவற்றில் ஒன்றுக்கும் பதில் இல்லை. மற்றதெல்லாம் போகட்டும். என்ன செருப்பு என்றாவது சொல்லு. கவுண்டருக்கு இல்லை, மலைக்கு. தெரிந்து வைத்துக்கொள்கிறேன்.

தங்கை


ஆகஸ்ட் 9

என் தங்கைக்கு,

இன்று ஞாயிற்றுக்கிழமை. உன் அத்தான் மண்டபத்துக்குப் போயிருக்கிறார். மெஷின் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை.

செருப்பு பற்றிக் கேட்டாய். எனக்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நம் கடைக்கு நேர் எதிரேதான் அந்த பஸ் நிற்கும். உன் புத்தகத்தில் ஏழு ஐம்பது என்று போட்டிருக்கும். ஏழு ஐம்பத்திரண்டுக்குத்தான் கிளம்பும். ஏறுகிறவர்கள் முதுகில் பை வைத்திருப்பார்கள். கைக்குழந்தையோடும் ஏறுகிறார்கள், ஊன்றுகோலோடும் ஏறுகிறார்கள். எல்லோரும் ஜன்னலோரத்துக்கு அடித்துக்கொள்வார்கள். அது கிளம்புகிற நேரத்தில் நான் ஷட்டரைத் தூக்குவேன். இருபத்தொரு வருஷமாக இரண்டும் ஒரே நேரம். அது எத்தனை மணிக்குத் திரும்பி வருகிறது என்று எனக்குத் தெரியாது. அப்போது நான் பின்னால் மெஷினில் இருப்பேன்.

பட அட்டையெல்லாம் பக்கத்துக் கடையில் தொங்கும். நல்லதாகப் பார்த்து எடுத்தேன். அம்மா அப்போது கேட்டுக்கொண்டே இருந்தாள், "அங்க சந்தோஷமா இருக்கியா, எங்கயாச்சும் வெளிய கூட்டிட்டுப் போறாரா?" என்று. அவளைப் பார்க்க வரவும் முடியவில்லை. வேறு என்னத்தை எழுதி அனுப்புவேன்?

காது அடைக்கும் என்று ஒரு வாடிக்கையாளர் சொல்லியிருந்தார்.

உன் அத்தானைத் தப்பாக நினைக்காதே. அவரும் போனதில்லை. ஆரம்பத்தில் முடியவில்லை. அப்புறம் கேட்கிற பழக்கம் விட்டுப்போயிற்று.

அந்த அட்டையை உன் மேஜையிலிருந்து எடுத்துவிடு. பார்க்கிறவர்களிடமெல்லாம் என் அக்கா போன இடம் என்று சொல்லிக்கொண்டு இருக்காதே.

ஊக்கு மறக்காதே.

அக்கா


ஆகஸ்ட் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. நேரில் பார்த்துக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் போவதில்லை. பெட்டியில் ஊக்குக்கும் களிம்புக்கும் நடுவில் வைத்துக் கொண்டு வருவேன். செப்டம்பர் பதினாறாம் தேதி காலை ஏழு முப்பதுக்குக் கடை வாசலில் உன் கையில் கொடுப்பேன். நீ கடிதத்தை நின்றபடியே படிக்கிறவள். பத்து நிமிஷம் போதும். மிச்சம் பத்து நிமிஷம் மூச்சு நேரம்.

உன் கடிதம் வந்த அன்று அதை ஆபீஸுக்கு எடுத்துக்கொண்டு போனேன். மேஜைக் கண்ணாடியைத் தூக்கி அட்டையை எடுத்தேன். பத்தொன்பது வருஷம் ஆனதில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஓரம் கொஞ்சம் கிழிந்துவிட்டது. பெரிய சார், "என்னம்மா, ஏரி வத்திப் போச்சா?" என்றார். "இல்ல சார், இனிமேதான் நெறையப் போகுது" என்றேன். அவருக்குப் புரிந்திருக்காது.

அப்போது உன்மேல் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். என் ஆறு நாளும் உன்னிடம் போய்விட்டன. போதாததற்குப் பத்தொன்பது வருஷம் ஒரு பொய்யைப் பார்த்துக்கொண்டே வேலை செய்திருக்கிறேன். ஆனால் வந்தது வேறு யோசனை. ஒவ்வொரு தடவையும் நான் ஏரியைப் பற்றி எழுதும்போது, நீ ஷட்டரைத் தூக்கிவிட்டு வந்து அதைப் படித்திருக்கிறாய். எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று ஆறாம் வகுப்புக் கேள்வி மாதிரி உன்னைக் கேட்டிருக்கிறேன். நீயும் ஒரு பக்கத்தைக் குத்துமதிப்பாகச் சொல்லியிருக்கிறாய். பாதிப் பேருக்கு அது சரியாகத்தான் வந்திருக்கும்.

என் நாட்களை நீ ஒவ்வொன்றாக வாங்கியது கல்யாண வேலைக்காக மட்டும் இல்லை என்று இப்போது தோன்றுகிறது. நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து உன்னிடமே கதை சொல்வேன் என்று பயந்தாயோ? கேட்க மாட்டேன். அந்த இரண்டு வரியையும் கேட்க மாட்டேன்.

ரயில் ஆபீஸுக்கு மறுபடியும் எழுதினேன். நேற்று பதில் வந்தது. பதினாறாம் தேதி, பத்து முப்பது ரயில், இரண்டு சீட்டு. கடைசி ரயில் நான்கு மணிக்குக் கீழே இறங்கும். ஏழு பத்துக்கு பஸ் உன்னைக் கடை வாசலில் விட்டுவிடும். அது எத்தனை மணிக்குத் திரும்புகிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொள்வாய். மிச்சம் மூன்று நாள் கவுண்டரில் உட்காருகிறேன். சொன்ன சொல் மாற மாட்டேன்.

கடையை யார் பார்ப்பார்கள் என்று இந்த வரியில் கேட்பாய். ஸ்பேர் ஆள் போடாமல் நான் எந்த ரூட்டுக்கும் அட்டவணை எழுதியதில்லை. அன்று கவுண்டரில் அத்தானுக்கு டூட்டி. அது அவருக்கே தெரியாது. காலை ஏழு நாற்பதுக்கு அவரிடம் சொல்வேன். மறுத்துப் பேச அவருக்குப் பன்னிரண்டு நிமிஷம் இருக்கிறது. மச்சினியிடம் அவர் அவ்வளவு நேரம் பேசியதே கிடையாது. இஸ்திரி ஒரு நாள் நின்றால் நிற்கட்டும். ஹோட்டல்காரர்கள் ஒரு ராத்திரி சுருக்கம் விழுந்த விரிப்பில் படுத்துப் பார்க்கட்டும்.

உன் அளவுக்கு ஒரு ஜோடி ஷூவும் என் அளவுக்கு ஒரு ஜோடியும் வாங்கியிருக்கிறேன். உனக்கும் எனக்கும் எப்போதும் ஒரே அளவுதான். கடைக்காரர், "ரெண்டும் ஒரே சைஸா? யாருக்கு?" என்று கேட்டார். காசை எண்ணி வைத்துவிட்டு வந்துவிட்டேன். இவருக்கும் தெரியாது. கல்யாணப் பெண்ணுக்கும் தெரியாது. உனக்கும் தெரியாது. பதினாறாம் தேதி காலை வரை இது இந்தக் கடிதத்துக்கும் எனக்கும்தான்.

பழைய அட்டையும் இதோடு இருக்கிறது. மேலே போனதும் டிசம்பர் 27 என்பதை அடித்துவிட்டு அன்றைய தேதியைப் போடு. மற்ற வரிகளைத் திருத்த வேண்டியிருக்காது.

கிளம்பு. இன்றைக்கு ஷட்டரை அத்தான் தூக்கட்டும். இரண்டு சீட்டும் வலப்பக்கம்தான்.

தங்கை